உழுதவன் கணக்கு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். பார்க்காமல் இருப்பதே மனத்துக்கு நல்லது என்ற அர்த்தத்தில்தான் நம் தாத்தாக்கள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் அயோவாவிலும் இல்லினாயிலும் சோளம் பயிரிடுகிறவர்கள் இன்றைக்கு அந்தக் கணக்கை வினாடிக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்.

அறுவடை இயந்திரத்தின் கண்ணாடி அறைக்குள் ஒரு தொடுதிரை இருக்கும். வண்டி நகர நகர, அதில் வயல் வரி வரியாக நிறம் பூசிக்கொண்டே வரும். நன்றாக விளைந்த இடம் கரும்பச்சை. சுமாரானது மஞ்சள். கைவிட்ட இடம் சிவப்பு. வயலை அறுத்து முடிக்கும்போது விளைச்சல் வரைபடமும் முடிந்திருக்கும். எந்த மூலையில் அடுத்த ஆண்டு உரத்தைக் குறைக்கலாம், எங்கே வடிகால் வெட்டவேண்டும், எந்த விதை ஏமாற்றியது எல்லாம் அதைப் பார்த்து முடிவாகும். விற்பனைக் கையேடு அப்படித்தான் சொல்கிறது.

கைப்பேசி, கார், துணி துவைக்கும் இயந்திரம் என்று வீட்டுச் சாமான்களையே சுற்றி வந்த இந்தப் பத்தி இந்த வாரம் சோளக்காட்டுக்குப் போவதற்குக் காரணம் உண்டு. காசு கொடுத்து வாங்கிய பொருள் மக்கர் செய்தால் அதைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு என்ற சண்டை, உலகத்திலேயே கடுமையாக நடப்பது அங்கேதான். அந்தச் சண்டையில் டிராக்டர் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். விளைச்சல் வரைபடத்தின் கதை இன்னும் விசித்திரமானது. ஏனென்றால் அது கெட்டுப்போனாலும் வண்டி நிற்காது.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அயோவாவின் ஏம்ஸ் நகரில் ஆல் மையர்ஸ் என்ற பொறியாளர் தொடங்கிய ஏஜி லீடர் நிறுவனம் 1992-இல் இதற்கான கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் விவசாயிக்குத் தெரிந்ததெல்லாம், லோரியை எடைமேடையில் ஏற்றிய பிறகு கையில் வரும் சீட்டு. மொத்த வயலுக்கும் ஒரே எண். வயலுக்குள் எந்த இடம் கொடுத்தது, எந்த இடம் கெடுத்தது என்று கண்ணால் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

அறுத்து, உதிர்த்து, சலித்த தானியத்தைச் சங்கிலியில் மாட்டிய துடுப்புகள் மேலே தூக்கிக்கொண்டு போகும். உச்சியில் திரும்பும் இடத்தில் தானியம் வீசியெறியப்பட்டு ஒரு சின்னத் தகட்டில் மோதும். அந்த மோதலின் விசையை ஒரு சென்சார் அளக்கும். (சில நிறுவனங்கள் தகட்டுக்குப் பதிலாக ஒளிக்கற்றையை வைத்திருக்கின்றன. துடுப்பின்மேல் குவிந்த தானியம் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு.) இன்னொரு சென்சார் தானியத்தின் ஈரப்பதத்தைப் பார்க்கும். வண்டி எங்கே நிற்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்பதை ஜிபிஎஸ் சொல்லும். அறுக்கும் அகலத்தை ஓட்டுநர் திரையில் பதிந்து வைத்திருப்பார்.

கவனித்தீர்களா? இதில் எங்குமே எடை போடவில்லை. மோதலை வைத்து எடையை ஊகிக்கிறது, வேகத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பரப்பை ஊகிக்கிறது, ஒன்றை ஒன்றால் வகுக்கிறது. வண்டி வினாடிக்கு 2 மீட்டர் போகிறது, அறுக்கும் அகலம் 9 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 18 சதுர மீட்டர். அந்த வினாடியில் 18 கிலோ தானியம் தகட்டில் மோதியது என்று கணினி நினைத்தால், ஹெக்டருக்கு 10 டன் என்று திரையில் பச்சை விழும்.

சரி, வயலின் ஓரத்துக்கு வந்தாயிற்று. 12 வரிசை அறுக்கும் இயந்திரத்துக்கு 8 வரிசைதான் மிச்சம். தானியம் 12 கிலோவாகக் குறையும், அகலம் மட்டும் 9 மீட்டர் என்றே பதிவாகியிருக்கும். உடனே ஹெக்டருக்கு 6.7 டன் என்று திரை சொல்லும். மண்ணில் ஒரு குறையும் கிடையாது. புதிய திரைகள் ஏற்கெனவே அறுத்த இடத்தை ஜிபிஎஸ் மூலம் தெரிந்துகொண்டு அகலத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. பழையதில் ஓட்டுநர்தான் ஒவ்வொரு தடவையும் பொத்தானை அமுக்கவேண்டும். வண்டி வளைந்து திரும்பும்போது முன்பகுதியைத் தூக்குவார்கள். எந்த உயரத்துக்குத் தூக்கினால் கணக்கை நிறுத்தவேண்டும் என்று சரியாகச் சொல்லி வைக்காவிட்டால், திரும்பும் இடமெல்லாம் ஒன்றும் விளையாத நிலமாகப் பதிவாகும்.

எனக்குப் பிடித்த பிழை தாமதம்தான். நேரடி ஒலிபரப்பில் நேயர் அழைப்பை எடுக்கும்போது, யாராவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால் வெட்டுவதற்கென்று சில வினாடித் தாமதம் வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அழைத்தவர் வீட்டு வானொலியைப் போட்டுக்கொண்டே பேசினால் தன் குரலே பிந்தி வந்து குழம்பிப்போவார். அறுவடை இயந்திரத்துக்கும் அதே குழப்பம். செடி வெட்டப்பட்டு, அதன் தானியம் உதிர்ந்து, சலித்து, மேலே ஏறித் தகட்டில் மோதுவதற்கு 10, 12 வினாடி ஆகும். அதற்குள் வண்டி 20 மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். அந்தத் தாமதத்தைச் சரியாகப் பதியாவிட்டால், வடக்கே போகும்போது விளைச்சல் வடக்கே நகரும், தெற்கே திரும்பும்போது தெற்கே நகரும். ஈரம் தேங்கும் ஒரு பள்ளத்தின் நேர் ஓரம் வரைபடத்தில் ரம்பப் பற்கள் மாதிரி தெரியும்.

இதையெல்லாம் திருத்த ஒரே வழிதான் உண்டு. எடை போடவேண்டும். முதலில் தானியம் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டி, வெறும் அதிர்வைக் கணினிக்குப் பழக்கவேண்டும். பிறகு இரண்டு மூன்று டன் அளவில் தனித்தனியாக நாலைந்து சுமை அறுக்கவேண்டும். ஒன்றை மெதுவாக, ஒன்றை வேகமாக, ஒன்றை நடுத்தரமாக. ஒவ்வொன்றையும் எடை வண்டியில் கொட்டி, உண்மையான எடையைத் திரையில் பதியவேண்டும். சோளத்துக்கு ஒருமுறை, சோயாவுக்கு ஒருமுறை. அறுவடை தொடங்கும்போது ஈரமாக இருந்த சோளம் சில வாரத்தில் நன்றாகக் காய்ந்திருக்கும். அப்போது மறுபடியும் ஒருமுறை. அமெரிக்காவில் சோளத்துக்கு 15.5 விழுக்காடு ஈரம் என்பது வழக்கமான அளவு. அதற்கு மாற்றித்தான் விளைச்சலைச் சொல்வார்கள். ஈரப்பத சென்சாரில் களைச்செடியின் பசை ஒட்டியிருந்தால் அந்த மாற்றமே தப்பாகிவிடும்.

இவ்வளவும் எப்போது செய்யவேண்டும்? வானம் கறுத்துக்கொண்டு, எடைமேடையில் லோரி வரிசை நீண்டு, வீட்டில் யாரும் நேரத்துக்குச் சாப்பிடாத அந்த நாள்களில். பெரும்பாலானோர் ஒரு சுமையை எடைபோட்டுவிட்டு ஓட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது முகவர் கதைக்கு வருவோம்.

திரையில் 40 டன் என்கிறது. எடைச்சீட்டுகளைக் கூட்டினால் 36. அல்லது திடீரென்று எண் பூச்சியமாகிவிடுகிறது. அல்லது சென்சாருடன் தொடர்பு இல்லை என்று மஞ்சள் எச்சரிக்கை வருகிறது. (குளிர்காலத்தில் கொட்டகைக்குள் எலி கம்பியைக் கடித்திருக்கும். கணினி யுகத்திலும் விவசாயியின் பழைய எதிரி ஓய்வு பெறவில்லை.) விவசாயி இயந்திரம் வாங்கிய முகவரை அழைக்கிறார். முகவரிடம் மெக்கானிக்குகள் பலர் இருப்பார்கள். திரை, ஜிபிஎஸ், வரைபடம் இவற்றைத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ இருப்பார். அந்த வட்டாரம் முழுவதும் ஒரே சில வாரங்களில் அறுக்கிறது. எனவே அந்த ஒருவரின் தொலைபேசி விடியற்காலையில் ஆரம்பித்து இரவு வரை ஓயாது.

அவர் யாருக்கு முதலில் ஓடுவார்? இயந்திரம் நின்றுபோனவருக்கு. அதுதான் நியாயமும்கூட. தானியம் வயலில் நிற்கிறது, நாளைக்கு மழை. வரைபடம் தப்பாக வருகிறவரின் வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? 'அறுத்துக்கொண்டே இருங்கள், முடிந்தால் வெள்ளிக்கிழமை வருகிறேன்' என்பார். வெள்ளிக்கிழமைக்குள் பாதி நிலம் அறுந்திருக்கும். வண்டிச் சக்கரத்தை அடுத்த வாரம் மாற்றினாலும் சக்கரம் சக்கரம்தான். அறுத்துவிட்ட வயலின் விளைச்சலை அடுத்த வாரம் யாராலும் அளக்க முடியாது. அந்த ஆண்டின் கணக்கு அந்த ஒரு தடவைதான் கிடைக்கும். முகவருக்குக் கடைசி வரிசையில் இருக்கும் பழுதுதான் திருத்தவே முடியாத பழுது. இந்தத் தொழில்நுட்பத்தின் எல்லாக் குமுறலும் இந்த ஒரு முடிச்சில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆள் வந்தாலும் உடனே தீர்ந்துவிடுவதில்லை. தகடு ஒரு நிறுவனம், திரை இன்னொன்று, ஜிபிஎஸ் திருத்தச் சமிக்ஞைக்கு ஆண்டுச் சந்தா வேறொன்று என்று கலந்து வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம். திரையின் மென்பொருளைப் புதுப்பித்தால் சென்சார் கட்டுப்பாட்டுப் பெட்டி அதை அடையாளம் கண்டுகொள்ளாது. பெட்டியைப் புதுப்பித்தால் பழைய அளவுத் திருத்தம் அழிந்துபோகும். திரைக்காரர் சென்சாரைக் கைகாட்டுவார், சென்சார்க்காரர் கம்பியைக் கைகாட்டுவார். 2019 ஏப்ரல் 6-ஆம் தேதி ஜிபிஎஸ் அமைப்பின் வார எண்ணிக்கை சுழன்று மறுபடி பூச்சியத்துக்கு வந்தது. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில அன்றைக்குத் தேதியையே தப்பாகச் சொல்ல ஆரம்பித்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவி ஒரு காலைப் பொழுதில் கிழடாகிவிட்டது. அலுவலகத்தில் ஐடி பிரிவுக்குப் புகார் எழுதிவிட்டுக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு இந்த அனுபவம் புதிதாக இருக்காது. வித்தியாசம், உங்கள் கணினிக்கு மழை வருவதில்லை.

விவசாயி தானே திறந்து பார்த்தால் என்ன? அயோவா விவசாயி தலைமுறை தலைமுறையாகச் சொந்தக் கொட்டகையில் இரும்பு பற்றவைத்து வண்டி ஓட்டியவர். தகட்டுக்கும் துடுப்புக்கும் உள்ள இடைவெளி, சங்கிலியின் தளர்ச்சி, தேய்ந்த துடுப்பு, இவை எல்லாம் அவர் கண்ணுக்கே தெரியும். பிழை எண்ணைப் படித்து, புதிய பாகத்தைக் கணினிக்கு அறிமுகப்படுத்துவதற்கு முகவரின் மடிக்கணினி வேண்டும் என்ற இடத்தில்தான் கை கட்டிப்போகிறது.

அந்தக் கட்டை அவிழ்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. 2023 ஜனவரியில் ஜான் டியர் நிறுவனம் அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்போடு, பழுதுபார்க்கும் தகவல்களையும் கருவிகளையும் தருவதாக ஓர் ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டது. அதே ஆண்டு கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கென்று பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். 2024 தொடக்கத்தில் அது நடப்புக்கு வந்தது. பிறகு 2025 ஜனவரி 15-இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம், இல்லினாய், மினசோட்டா மாநிலங்களுடன் சேர்ந்து ஜான் டியர் மீது வழக்குத் தொடுத்தது. முழுமையாகப் பழுதுபார்க்க உதவும் மென்பொருளை அங்கீகாரம் பெற்ற முகவர்களுக்கு மட்டுமே கொடுத்து, விவசாயியை அவர்களிடமே ஓடவைக்கிறது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது.

நான் விவசாயியின் பக்கம். காசு முழுவதும் கொடுத்தவனிடம் சாவியில் பாதியை மட்டும் கொடுப்பது வியாபாரத் தந்திரம், பாதுகாப்பு என்று அதற்குப் பெயர் வைக்கக்கூடாது. ஆனாலும் சட்டம் மடிக்கணினியைத் திறந்துவிட்டதும் வரைபடம் சரியாகிவிடும் என்று நம்புவதற்கில்லை. எடை வண்டியைக் கொண்டுவந்து நாலு சுமை அறுக்கும் பொறுமையைச் சட்டம் கொடுக்காது. முகவரிடம் இருக்கும் அந்த ஓர் இளைஞனையும் நான் வில்லனாக்க மாட்டேன். கருவியை விற்றபோது 'எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்' என்றது விற்பனைப் பிரிவு. கூப்பிடும்போது எடுக்கவேண்டியது அவன். அறுவடைக் காலத்துக்கு மட்டும் கூடுதலாக இரண்டு பேரை நியமிக்க முதலாளிக்குக் கணக்கு ஒத்துவராது. ஆலோசனைக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் விவசாயிக்குக் கோபம் வரும். இருவருக்கும் நடுவில் வரைபடம் தப்பான நிறத்தில் வளர்ந்துகொண்டே போகிறது.

தப்பாக இருந்தால்தான் என்ன, ஒரு படம்தானே என்று கேட்கலாம். அயோவாவின் விளைநிலத்தில் பாதிக்கு மேல் குத்தகை நிலம். இந்த நிலத்துக்கு அடுத்த ஆண்டும் இதே குத்தகை கொடுக்கலாமா என்று முடிவு செய்யும்போது விவசாயி அந்தப் படத்தைப் பார்க்கிறார். இடத்துக்கு இடம் அளவு மாற்றி உரம் போடும் இயந்திரத்துக்கு அந்தப் படம்தான் வழிகாட்டி. பயிர்க் காப்புறுதிக்கும் விதிகளுக்கு உட்பட்டு இந்தப் பதிவுகளைக் காட்டலாம், அளவுத் திருத்தம் செய்ததற்கு ஆதாரம் இருந்தால். கரும்பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பளிச்சென்று அச்சாகி வரும் படத்தில், இது மோதலை வைத்துச் செய்த ஊகம் என்று எந்த மூலையிலும் எழுதியிருக்காது. வெறும் எண்ணாக இருந்தால் நாம் சந்தேகப்படுவோம். வண்ணமாக வந்துவிட்டால் நம்பிவிடுகிறோம்.

ஓரளவுக்குப் பின்னால் துப்புரவு செய்யலாம். அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 'ஈல்ட் எடிட்டர்' என்ற மென்பொருளை இலவசமாகவே தருகிறார்கள். தாமதத்தை நகர்த்திச் சரிசெய்ய, திரும்பும் இடங்களையும் நம்பமுடியாத எண்களையும் நீக்க அது உதவும். ஆனால் மெமரி கார்டில் ஒன்றுமே பதிவாகாமல் போன வயலுக்கு எந்த மென்பொருளும் உதவாது.

விவரம் தெரிந்தவர்கள் ஆகஸ்டிலேயே கொட்டகைக்குப் போய்விடுகிறார்கள். முகவருக்கு வேலை குறைவான அந்த மாதத்தில் மென்பொருளைப் புதுப்பித்து, கம்பிகளைத் தடவிப் பார்த்து, சங்கிலியை இறுக்கி, போன ஆண்டுப் பதிவை வேறிடத்தில் நகல் எடுத்து வைக்கிறார்கள். அறுவடை முடியும்வரை எதையும் புதுப்பிப்பதில்லை. எடைச்சீட்டுகளை எறிவதில்லை. திரை என்ன சொன்னது, எடைமேடை என்ன சொன்னது என்று பக்கத்துப் பக்கத்தில் குறித்து வைக்கிறார்கள். மொத்த எடை சரியாக இருந்தால் வயலுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வையும் கொஞ்சம் நம்பலாம்.

நம் நாட்டுக்கு இது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. செகிஞ்சானில் ஒரு குடும்பத்தின் நெல் வயல் மூன்று ஏக்கர் அளவுதான். கெடாவிலும் பெரும்பாலோர் அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு அழைக்கிறார்கள். இங்கே உழுதவன் கணக்கு இன்னமும் ஆலை வாசலில்தான் முடிகிறது. லோரி எடைமேடையில் ஏறும், ஈரத்துக்கும் பதருக்கும் இவ்வளவு என்று விழுக்காட்டில் கழிப்பார்கள், சீட்டு வரும். அந்தக் கழிவைப் பற்றி நெல் விவசாயிகள் காலங்காலமாக முணுமுணுத்து வருகிறார்கள். தன் வயலில் என்ன ஈரத்தில் எவ்வளவு அறுத்தோம் என்று தன் கையிலேயே ஒரு பதிவு இருந்தால் ஆலையில் நின்று பேசலாம். அந்த வகையில் இந்தக் கருவி இங்கே வருவது நல்லதுதான். புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் நெல் அறுவடை இயந்திரங்களுக்கான விளைச்சல் அளவீட்டு ஆய்வுகள் நடந்தும் இருக்கின்றன.

ஆனால் இங்கே கருவி ஒருவருடையது, வயல் இன்னொருவருடையது. அளவுத் திருத்தத்துக்காக நாலு சுமையைத் தனியாக எடைபோட வாடகை வண்டிக்காரர் ஏன் நேரம் செலவழிக்கவேண்டும்? பதிவான விவரம் யாருக்குச் சொந்தம்? பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கவேண்டும் என்று நம் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு சொல்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அது பொருந்தும். வீட்டு உபயோகத்துக்கான பொருள்களைத்தான் அந்தச் சட்டம் மனத்தில் வைத்திருக்கிறது. அறுவடை இயந்திரம் அதற்குள் அடங்காது. எனவே வாங்குகிறவர் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது மட்டும்தான் அவருக்குக் காவல். கெடாவில் யாராவது நெல் அறுவடை இயந்திரத்தோடு இந்தத் திரையையும் சேர்த்து விலை பேசிக்கொண்டிருந்தால், தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்கவேண்டும்: அறுவடை நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் திரை கறுத்துப்போனால் தொலைபேசியை எடுக்கப்போகிறவர் யார், அவர் இருப்பது அலோர் ஸ்டாரிலா, கிள்ளானிலா, வேறு நாட்டிலா, அவர் வந்து சேரும்வரை பதிவாகாமல் போகும் வயலுக்கு யார் பொறுப்பு?